பதினேழாம் நாளின் தாள்

கடலில் இருபத்துநான்கு நாள் இருந்துவிட்டு வந்த இருதயசாமியிடம், "அங்க என்னங்க இருந்துச்சு?" என்று கித்தேரியம்மாள் கேட்டாள்.

"தண்ணி" என்றார் அவர்.

அதற்குமேல் இரண்டு நாட்களுக்கு ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது, யாரும் கேட்காமலே, "உப்புத் தண்ணி" என்றார். அவளுக்குக் காப்பி புரையேறிவிட்டது.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவருடைய பேச்சு இவ்வளவுதான் என்பது அவளுக்குப் பழகியிருந்தது. அது கோபமில்லை, சலிப்பும் இல்லை. வருஷத்தில் நான்கு மாதம் கோடைக்கானல் மலையில் கூக்காலுக்கு மேலே புல்மேட்டில் ஒரு கொட்டகையில் தனியாக உட்கார்ந்து, எதிர் மலைகளில் புகை எழுகிறதா என்று பார்ப்பது அவருடைய வேலை. பயர் வாச்சர். ஜனவரியில் ஏறினால் மே மாதம் மழை விழுந்த பிறகுதான் பள்ளங்கியில் இருக்கும் வீட்டுக்கு இறங்குவார். பேசுவதற்கு அங்கே ஆள் கிடையாது. பேசாமலிருப்பது ஒரு பழக்கமாகி, பிறகு அதுவே சௌகரியமாகிவிட்டிருக்க வேண்டும்.

அந்தக் கொட்டகைக்கு ஒரு பிப்ரவரியில் ஞானவேல் என்ற விஞ்ஞானி வந்தார். பழனிக்காரர். கொச்சியில் ஒரு கடல் ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை. விடுமுறைக்கு வந்தவர் நடந்து நடந்து மேடுவரைக்கும் வந்துவிட்டார். இருதயசாமி அவரிடம் எதிர்ச்சரிவைக் காட்டி, "அந்தா, புகை" என்றார். ஞானவேலுக்குத் தன் பைனாகுலரை வைத்துத் தேடி, அந்தப் புகையைக் கண்டுபிடிக்கக் கால்மணி நேரம் ஆனது. அடுத்த மாதமே கடிதம் வந்தது. ஆழ்கடலில் திமிங்கிலங்களையும் டால்பின்களையும் எண்ணுவதற்கு ஒரு கப்பல் போகிறது. திமிங்கிலம் மேலே வந்து மூச்சு விடுவது தூரத்திலிருந்து பார்க்கப் புகை மாதிரிதான் இருக்கும். உங்கள் கண் வேண்டும். அது எண்பத்திரண்டாம் வருஷம். வாச்சர் வேலையை வேறு ஆளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு இருதயசாமி கொச்சிக்குப் பஸ் ஏறினார். அதுவரை அவர் பார்த்த பெரிய நீர், கூக்கால் ஏரிதான்.

கப்பலின் மேல்தட்டில் இடப்பக்கம் அவருக்கு. வலப்பக்கம் மலைச்சாமி என்ற தூத்துக்குடிக்காரருக்கு. நாளுக்கு ஒரு தாள். காலை ஆறரையிலிருந்து மாலை ஆறு வரை அரைமணிக்கு ஒரு வரியாக இருபத்துநான்கு வரிகள். நேரம், கப்பல் இருக்கும் இடம், காற்று, அலை, கண்டது என்ன, எத்தனை, எந்தத் திசையில் போகிறது. எல்லாம் பென்சிலில். ஊருக்குப் போனதும் மையில் நல்ல பிரதி எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

நல்ல பிரதி எடுப்பது கித்தேரியம்மாளின் பொறுப்பு. கோடைக்கானல் டவுனில் ஒரு பள்ளிக்கூட விடுதியின் சலவைக்கூடத்தில், பிள்ளைகளின் துணிகளில் அழியாத மையால் எண் எழுதுவது அவள் சோலி. முந்நூறு பிள்ளைகளின் சட்டைக் காலரில் அவளுடைய கையெழுத்து இருந்தது. வாச்சர் வேலையின் புகைப்புத்தகத்தையும் வருஷாவருஷம் அவள்தான் பிரதி எடுப்பாள். அதில் ஒரு வழக்கம் உண்டு. புகை தெரிந்தால் மட்டும் எழுதுவது. புகை இல்லாத நாளைப் புத்தகத்தில் ஏற்றினால் மறுநாள் காட்டில் தீ பிடித்துக்கொள்ளும் என்று பழைய வாச்சர்கள் சொல்வார்கள். இருதயசாமி அதை நம்பினாரோ இல்லையோ, மீறியதில்லை.

ஆகவே மே மாதம் அந்த இருபத்துநான்கு தாள்களையும் பிரித்து வைத்தபோது, என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. தாள் முழுக்க சைபர் சைபராகக் கிடந்தது. இந்த மனுஷன் சும்மா உட்கார்ந்திருந்தார் என்று கொச்சியில் யாரும் நினைத்துவிடக் கூடாது. சைபர் வரிகளை அவள் கண் தாண்டிக்கொண்டே போனது. ஏதாவது கண்ட வரிகளை மட்டும் பொறுக்கி எடுத்தாள். முப்பத்தொன்று தேறின. இரண்டு தாளில் அடங்கிவிட்டது. எழுத்து முத்து முத்தாக வந்திருந்தது.

அந்த முப்பத்தொன்றில் ஒரு வரி அவளை நிறுத்தியது. பதினேழாம் நாள், பத்தரை மணி. சதுரத் தலைத் திமிங்கிலம். எண்ணிக்கை: நாற்பது. குட்டிகள் உண்டு.

"நாப்பதாங்க?"

"ம்."

"நாப்பதையும் நீங்களா மொதல்ல பாத்தீங்க?"

"ம்."

அவ்வளவுதான். ஆனால் அந்த 'ம்'மில் ஏதோ இருந்தது. மறுநாள் வேலைக்குப் போகும்போது அந்தத் தாளை மட்டும் மடித்து, சலவைக்கூடத்தில் எல்லாரும் கட்டிக்கொள்ளும் முன்துணியின் பைக்குள் வைத்தாள். மதியச் சோற்றின்போது எடுத்துக் காட்டினாள். கூட வேலை செய்யும் குப்பம்மாள் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நாப்பதா! எங்க வீட்டுக்காரன் நாலு கெண்டையப் புடிச்சாலே நாப்பதும்பான். ஒம் மாப்ள ஒரு வார்த்த பேசாதவரு, அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். கித்தேரியம்மாளுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் படவில்லை. சாயந்தரம் முன்துணியை அவிழ்த்து அழுக்குக் கூடையில் போட்டுவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

காலையில் அந்த முன்துணி, துணி வெளுக்கும் கொதிதொட்டியிலிருந்து வெளியே வந்திருந்தது. தாள் இருந்த பைக்குள் விரலைவிட்டால் கூழ்தான் கையில் ஒட்டியது.

அவரிடம் சொல்லவில்லை. பிரதிதான் எடுத்தாயிற்றே, இனி அந்தத் தாள் எதற்கு என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மற்ற இருபத்துமூன்று தாள்களையும் கட்டி டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டு, பிரதியைத் தபாலில் அனுப்பினாள்.

ஆகஸ்டில், சலேத் மாதா கோயிலில் திருவிழாக் கொடியேறிய வாரம், ஞானவேலின் கடிதம் வந்தது. கித்தேரியம்மாள்தான் வாசித்தாள்.

'அன்புள்ள இருதயசாமி அவர்களுக்கு. உங்கள் பிரதி கிடைத்தது. எழுத்து மிக அழகாக இருக்கிறது. ஆனால் முப்பத்தொரு வரிகள் மட்டுமே இருக்கின்றன, எல்லாவற்றிலும் விலங்குகள் இருக்கின்றன. இதை நம்பினால், கடலில் எப்போது திரும்பினாலும் திமிங்கிலம் இருக்கும் என்று ஆகிறது. எத்தனை கண்டீர்கள் என்பது எங்களுக்குப் பாதிதான். எவ்வளவு நேரம் பார்த்து ஒன்றும் காணவில்லை என்பது மறுபாதி. அது இல்லாமல் கடலில் அவை எத்தனை இருக்கும் என்று கணக்கிட முடியாது. சைபர் வரிகள் எல்லாவற்றையும் எழுதி, பென்சில் தாள்களோடு சேர்த்து மாதக் கடைசிக்குள் அனுப்பவும். வராவிட்டால் கப்பலின் இடப்பக்கத்தையே கணக்கிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும். அக்டோபர் பயணத்துக்கும் வேறு ஆள் பார்க்கச் சொல்வார்கள். அந்த நிலை வர விடாதீர்கள்.'

வாசித்து முடித்ததும் அவள் டிரங்குப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். புல்மேட்டுக் கொட்டகையில் இப்போது வேறு ஆள். கப்பலும் இல்லையென்றால் இந்த மனிதர் எதைப் பார்த்துக்கொண்டு உட்காருவார்?

"தாளுக இருக்குல்ல?" என்றார் இருதயசாமி.

"பொட்டியில கெடக்கு" என்றாள். பொய்யில்லை, முழுதும் உண்மையுமில்லை.

மறுநாள் சாயந்தரம் வேலையிலிருந்து அவள் வந்ததும் தொடங்கினார்கள். வெளிச்சம் இருக்கும்வரை ஜன்னலோரம். அவர் வாசிப்பார், அவள் எழுதுவாள்.

"ஆறரை. காத்து ரெண்டு. அலை ரெண்டு. சைபர்."

"ம்."

"ஏழு. காத்து ரெண்டு. அலை ரெண்டு. சைபர்."

முதல் தாள் இப்படியே போனது. இரண்டாம் தாளில் ஒன்பது மணிக்கு வந்ததும் அவர் நின்றார். எழுத்து புரியவில்லை போலும் என்று அவள் நிமிர்ந்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வரிக்கு அடுத்ததுதான் மொதல்ல பாத்தது" என்றார். "தூரத்துல ஒத்தையா எந்திரிச்சுச்சு. எனக்கு வாயில வேற ஒண்ணும் வரல. புகை, புகைன்னு கத்திட்டேன்."

"ஐயையோ."

"கப்பல்ல புகைன்னு கத்தலாமா? மணிய அடிச்சுட்டாங்க. வாளியத் தூக்கிக்கிட்டு எட்டுப் பேரு ஓடி வாரான். ஒருத்தன் அந்த வேகத்துல எம்மேலயே தண்ணிய ஊத்திட்டான்."

கித்தேரியம்மாள் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள். "இத ஏங்க இத்தன நாளாச் சொல்லல?"

"கேட்டியா?"

"கேட்டேனே! தண்ணின்னீங்க."

அவர் யோசித்தார். "அதுவும் தண்ணிதான்" என்றார்.

அதன்பிறகு எப்போது நிற்பார் என்று சொல்ல முடியவில்லை. பத்துப் பதினைந்து சைபர்கள் வரிசையாகப் போகும். திடீரென்று ஒரு சைபரில் குரல் தங்கும். அவள் எழுதாமல் காத்திருப்பாள். அந்த அரைமணியில் மேகத்தின் நிழல் தண்ணீர்மேல் போயிருக்கும், பூம்பாறைக்கு எதிரே சரிவில் போவதைப் போலவே. அல்லது பறக்கும் மீன் ஒன்று அவருடைய சட்டைக்குள் வந்து விழுந்திருக்கும். மலைச்சாமி அதை வறுக்கச் சொல்லியிருப்பார். ஒற்றை மீனுக்கெல்லாம் சட்டி வைக்க முடியாது என்று சமையல்காரர் சண்டை போட்டிருப்பார். ஒரு சைபரில் ஒன்றுமே நடந்திருக்கவில்லை. "அன்னைக்கு இந்த நேரம் நீ பஸ்ஸுல இருப்பன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, உடனே அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு எழுதினாள். பத்தொன்பது வருஷத்தில் கேட்காத பேச்சு. ஒவ்வொரு சாயந்தரமும் அதற்காகவே பஸ்ஸிலிருந்து வெரசா இறங்கி வந்தாள். ஒவ்வொரு சாயந்தரமும் பதினேழாம் நாள் ஐந்தாறு தாள் கிட்டே வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டைத் தாண்டியதும் அவளுடைய கை மெதுவாகிவிட்டது. பேனாவில் மை இறங்கவில்லை என்றாள். விளக்குக்கு எண்ணெய் வாங்க வேண்டும் என்று எழுந்தாள்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. மூடுபனி இறங்கி, எதிரே இருந்த பூண்டு வயல்கூடத் தெரியவில்லை. பதினாறாம் தாள் முடிந்தது. அவர் அடுத்த தாளை எடுத்தார், தேதியைப் பார்த்தார், அடியில் புரட்டினார், மறுபடி மேலே புரட்டினார்.

"பதினெட்டு இருக்கு. பதினேழு எங்க?"

அவள் பேனாவை மூடினாள்.

"நான் தொலைச்சுட்டேங்க."

எல்லாவற்றையும் சொன்னாள். முன்துணிப் பை, குப்பம்மாள், கொதிதொட்டி. "அங்க அம்பது பேரு வேலை பாக்குறோம். ஒருத்திக்கும் உங்களப் பத்தித் தெரியாது. வருஷம் பூரா மேட்டுல கெடக்குற மனுஷன்னுதான் தெரியும். காட்டணும்னு தோணிருச்சு. சொல்றதுக்குப் பயந்துக்கிட்டு இத்தன நாளா மறைச்சுட்டேன்."

இருதயசாமி தாள்களை ஒழுங்காக அடுக்கி, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். பேரிக்காய் மரத்தில் காய் கனத்துத் தாழ்ந்திருந்த கிளைகளுக்கு முட்டுக்கொடுத்த கம்புகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். பனிக்குள் அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. அவருடைய மௌனங்களை அவளால் ஓரளவு படிக்க முடியும். இது எது என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரம் பொறுத்து அவளும் போய் நின்றாள்.

"என்னைய நாலு வார்த்த வையுங்க. இப்பிடி நிக்காதீங்க."

"எதுக்கு வையணும்?"

"அந்த வரி எனக்கு மனப்பாடம். பத்தரை மணி, இடம், காத்து மூணு, நாப்பது, குட்டி உண்டு. மத்த இருபத்துமூணு வரியும் சைபர்தான? எழுதிரலாம். பென்சில்லயே ஒரு தாளு எழுதி, கொஞ்சம் ஈரத்துல போட்டு எடுத்தா…"

"வேண்டாம்."

"எல்லாம் சைபர்தானங்க! இல்லாததத்தான இல்லன்னு எழுதப் போறோம். அதுல என்ன பொய்யி?"

அவர் ஒரு கம்பை மண்ணில் அழுத்தி நட்டார். "சாயந்தரம் மழை வந்துச்சு. தார்ப்பாய்க்கு அடியில போயி நின்னேன். எவ்வளவு நேரம்னு ஞாபகமில்ல. அந்த நேரம் கடல்ல என்ன வந்துச்சு, போச்சுன்னு எனக்குத் தெரியாது. சைபர்னு எழுதுனா, நான் பாத்தேன், இல்லைன்னு அர்த்தம்."

"யாரு பாக்கப் போறா?"

"அதத்தான் சொல்றேன். யாருமே பாக்கல."

அவளுக்கு அழுகை முட்டியது. "அப்ப அந்த நாளு பூராவும் போயிரும். நாப்பதும் போயிரும். ஒங்க கண்ணுக்குன்னு கெடைச்சது அதுதான். அதப் பாத்துத்தான் அடுத்த தடவை கூப்புடுவாங்க."

"கூப்புடாட்டி கூப்புடாம இருக்கட்டும்" என்றார். ஆனால் அதைச் சொல்லும்போது அவருடைய கை கம்பை விடவில்லை. அவர் எவ்வளவு போக விரும்புகிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது.

திங்கட்கிழமைக்குள் மீதித் தாள்களை முடித்தார்கள். அவர் மறுபடி வரியை வரியாக மட்டும் வாசித்தார். எந்தச் சைபரிலும் நிற்கவில்லை. ஐந்நூற்றைம்பத்திரண்டு வரிகள். பதினேழாம் நாளுக்கு ஒரு தனித்தாளில் தேதியை மட்டும் எழுதிவிட்டு அவள் காத்திருந்தாள்.

"தாளு தொலைஞ்சுபோச்சு. அன்னைக்கு எழுதுனது எதையும், முன்னாடி அனுப்புன வரியையும் சேத்து, கணக்குல எடுக்க வேண்டாம். அப்பிடிப் போடு."

"பொண்டாட்டி தொலைச்சுட்டான்னு போடவா?"

"தொலைஞ்சுபோச்சுன்னு போட்டா போதும்."

பொட்டலம் கட்டி, செவ்வாய்க்கிழமை வெள்ளனே முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போய் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினாள். அதற்குப் பிறகு மூன்று வாரம் வீட்டில் கடலைப் பற்றிப் பேச்சே இல்லை. தபால்காரர் சரிவில் ஏறி வரும்போதெல்லாம் இருதயசாமி ஏதோ வேலையாகக் கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

செப்டம்பர் நடுவில் பதில் வந்தது. ஒரு பக்கம்கூட இல்லை.

'பதினேழாம் நாளை முழுவதும் எடுத்துவிட்டோம். மற்ற இருபத்துமூன்று நாட்களும் கணக்கில் சேர்ந்தன. இவ்வளவு தெளிவான சைபர்களை இந்த அலுவலகம் இதுவரை பார்த்ததில்லை. அக்டோபர் நான்காம் தேதி காலை கொச்சித் துறைமுகத்தில் இருக்கவும். இந்த முறை தாள்களைக் கப்பலிலேயே வாங்கிக்கொள்வோம்.'

கித்தேரியம்மாள் இரண்டு தடவை வாசித்தாள். கடைசி வரியில் அவளுடைய குரல் இறங்கியது.

"கூப்புட்டுட்டாங்க" என்றாள். பிறகு, "ஆனா நாப்பதும் போச்சே" என்றாள்.

"எங்க போகும்? அங்கதான் சுத்திக்கிட்டுக் கெடக்கும்."

அவள் சிரிக்கவில்லை. இருதயசாமி கடிதத்தை வாங்கி மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"கித்தேரி. ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"அந்தத் தாளு கெடைச்சிருந்தாலும் செல்லாது."

"என்ன சொல்றீங்க?"

"பதினொண்ணுலருந்து ரெண்டு மணி வரைக்கும் நான் எழுதவே இல்ல. ஏழு வரி. சைபர்கூடப் போடல. பென்சிலு காதுலயே இருந்துருக்கு." அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மே மாசம் எழுதுறப்ப நீ பாத்துருப்பன்னு நெனச்சேன். ஒண்ணும் கேக்கல. சரி, நீ விட்டுட்டன்னு இருந்தேன்."

"நான் சைபர் வரிப் பக்கமே போகலையே! வெறும் வரிக்கும் சைபருக்கும் எனக்கென்ன தெரியும்?" அவளுக்கு மெதுவாக விளங்கியது. "அப்ப அன்னைக்கு மரத்தடியில போயி நின்னது…"

"வெக்கமா இருந்துச்சு. பாக்குறதுக்குன்னு அனுப்புன ஆளு, பாத்துக்கிட்டே எழுத மறந்துட்டேன்னு எப்பிடிச் சொல்றது?"

"ஒரு மாசமா என்னைய அழ விட்டீங்களே! சோறு எறங்கல எனக்கு. கோயிலுக்குப் போயி சாமியார்கிட்ட பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனம் வேற பண்ணிட்டு வந்தேன். ஒங்களுக்கும் சேத்து!" கையிலிருந்த அடுப்படித் துணியைச் சுருட்டி அவர்மேல் எறிந்தாள். அது தோளில் பட்டு மடியில் விழுந்தது. அவர் அதை எடுத்து, கடிதத்தை மடித்தது போலவே ஒழுங்காக மடித்தார். அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது.

சிரித்து ஓய்ந்ததும் முட்டியைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அந்த ஏழு வரியையும் இப்பச் சொல்லுங்க. கொச்சிக்கு வேண்டாம்னா எனக்குச் சொல்லுங்க. பதினொண்ணு?"

வெளியே மூடுபனி தகரத்தின்மேல் துளித்துளியாகச் சொட்டியது.

"பதினொண்ணுக்கு இஞ்சின நிறுத்திட்டாங்க. அதுகளே கிட்ட வந்துச்சு. மூச்சு நேரா எந்திரிக்காது, இடப்பக்கமாச் சாஞ்சு எந்திரிக்கும். அந்த மூச்சு மூஞ்சில பட்டுச்சு. மீன் வாடை."

"பதினொண்ணரை?"

"ஒண்ணும் பண்ணல. வெட்டிப் போட்ட மரம் மாதிரி மெதந்துக்கிட்டுக் கெடந்துச்சு. ஒண்ணு மேல ஒண்ணு ஒரசிக்கிட்டு."

"பன்னெண்டு?"

"தண்ணிக்குள்ள ஒரு மைக்க எறக்குனாங்க. அதோட ஹெட்போன எங் காதுலயும் மாட்டுனாங்க. கல்லு ஒடைக்கிற சத்தம். நாப்பது பேரு நாப்பது பக்கத்துலருந்து ஒடைக்கிற மாதிரி."

"பேசிக்கிடுதுகளா?"

"இருக்கும். பன்னெண்டரைக்கு ஒரு தாயி வாலத் தூக்கிட்டு உள்ள போயிருச்சு. குட்டியால அவ்வளவு ஆழம் போக முடியாது. மேலயே நின்னுக்கிருச்சு. ஒரு மணி வரைக்கும் அது ஒவ்வொண்ணுக்கிட்டயும் போயிப் போயிப் பாத்துச்சு. ஒரு பெருசு பக்கத்துல வந்து நின்னுச்சு. ஆனா அது அம்மா இல்ல. எனக்குத் தெரிஞ்சுச்சு."

"ஒண்ணரை?"

அவள் அவசரப்படுத்தவில்லை. அடுப்பில் ஏதோ கொதித்து வழிந்தது, அவள் எழுந்திருக்கவில்லை.

"வந்துருச்சு" என்றார் இருதயசாமி. "அந்தக் குட்டிக்கு நேர் கீழ இருந்து, வேற எங்கயும் போகாம, அங்கயே வந்து எந்திரிச்சுச்சு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு?"

"ரெண்டுக்குத்தான் பசிச்சுது."